மூவிக்கா, மியூசிக்கா?

1974 நவம்பரில் 'எர்த்குவேக்' என்ற படம் அமெரிக்காவில் வெளியானது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்து விழும் கதை. ஹாலிவுட்டின் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டரில் அந்தப் படத்துக்காகப் பார்வையாளர்களின் தலைக்கு மேலே ஒரு வலை கட்டினார்கள். திரையில் கட்டடம் இடியும்போது, தியேட்டரின் நிஜக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து யார் தலையிலாவது விழுந்துவிடக் கூடாதே என்றுதான். அரங்குக்குள் அடுக்கி வைத்திருந்த பிரம்மாண்டமான ஒலிபெருக்கிகள் அப்படி உறுமின.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, அதே நாட்டில் வேறொரு வகைக் கூட்டம் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தது. மேடையில் நான்கு பேர் வயலின், வியோலா, செல்லோ வாசிக்கிறார்கள். நடுவில் ஏதோ ஒரு கணத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு வில்லை மட்டும் காற்றில் அசைக்கிறார்கள். இசை நிற்கவில்லை. பக்கத்தில் இருக்கும் இரண்டு மரப்பெட்டிகளிலிருந்து, முன்பே பதிவுசெய்த அதே இசை தொடர்கிறது. எப்போது மாறியது என்று கூட்டத்தில் பலரால் சொல்ல முடியவில்லை. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்ற குழுவை வைத்து இப்படி நிகழ்ச்சிகள் நடத்திய நிறுவனத்தின் பெயர் அக்கௌஸ்டிக் ரிசர்ச்.

ஒரு பெட்டி, தான் அங்கே இருப்பதே தெரியாதபடி ஒளிந்துகொண்டது. இன்னொன்று கூரையைப் பிடுங்கப் பார்த்தது. இந்த இரண்டு ஆசைகளுக்கும் பிறந்த பிள்ளைதான் இன்று நம் ஹாலின் மூலையில் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சப்வூஃபர்.

சென்ற ஆண்டு சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் சப்வூஃபர் வேண்டும் என்று கேட்டபோது, கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "சார், மூவிக்கா, மியூசிக்கா?"

"ரெண்டுக்கும்தாண்ணே."

"ரெண்டுக்கும்னா பட்ஜெட்டும் ரெண்டு சார்."

வியாபாரப் பேச்சுதான். ஆனால் வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கிய பிறகு, அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு ஆண்டு வரலாறு இருப்பது தெரிந்தது.

*

முதலில், தாழ்ந்த ஒலியை உண்டாக்குவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

நாம் இன்று பயன்படுத்தும் ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவம் 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. காந்தப் புலத்தில் ஒரு கம்பிச்சுருள், அதில் ஒட்டிய காகிதக் கூம்பு. மின்சாரம் மாற மாற, கூம்பு முன்னும் பின்னும் போய் காற்றைத் தள்ளுகிறது. அவ்வளவுதான். சிக்கல் எங்கே என்றால், ஒரே சத்த அளவைத் தக்கவைத்துக்கொண்டு ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால், நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 80 ஹெர்ட்ஸில் கூம்பு 1 மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்றால், 40இல் 4 மில்லிமீட்டர், 20இல் 16 மில்லிமீட்டர்.

நம் காதும் இதற்கு உதவுவதில்லை. 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட வளைகோடுகள் சொல்வது: சுருதி தாழத் தாழ, அது நமக்குக் கேட்பதற்கே அதிக ஆற்றல் தேவை. கொசுவின் ரீங்காரம் அறையின் மறுமூலையிலிருந்து கேட்கும். 20 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழுவதற்கே பெரிய இயந்திரம் வேண்டும்.

மிருதங்கக்காரர்கள் இதில் ஒரு பாதியை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். கச்சேரிக்கு முன் தொப்பிப் பக்கத்தில் ரவைப் பசையை அப்புவார்கள். எடை கூடினால் அதிர்வு மெதுவாகும், சுருதி இறங்கும். ஒலிபெருக்கியிலும் அதேதான்: கூம்பின் எடையைக் கூட்டினால் ஆழம் கிடைக்கும். ஆனால் கனமான கூம்பை அசைக்கக் கூடுதல் சக்தி வேண்டும். ஒன்றை வாங்க இன்னொன்றை விற்க வேண்டும்.

இந்தப் பேரத்தை ஒரு விதியாகவே சொன்னவர் ஆண்டன் ஹாஃப்மன். பியானோ மேதை ஜோசஃப் ஹாஃப்மனின் மகன். கேஎல்ஹெச் என்ற ஒலிபெருக்கி நிறுவனத்தின் பெயரில் இருக்கும் 'ஹெச்' இவர்தான். ஆழமான பேஸ், சிறிய பெட்டி, குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம். இந்த மூன்றில் எதையாவது இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். துறையில் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்கிறார்கள். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. 'சீக்கிரம் வேணும், சீப்பா வேணும், நல்லா வேணும்' என்று வரும் வாடிக்கையாளரிடம் நாங்கள் சொல்லும் அதே பதில்.

*

1950களின் தொடக்கத்தில் வீட்டில் நல்ல பேஸ் வேண்டும் என்றால் பெட்டி பீரோ அளவுக்கு இருக்கும். பால் கிளிப்ஷ் வடிவமைத்த கிளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலைச் சுவர்களையே தன் ஊதுகுழலின் நீட்சியாகப் பயன்படுத்திக்கொண்டது. வீடே வாத்தியம்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எட்கர் வில்ச்சர் இதைத் தலைகீழாக யோசித்தார். கூம்பை அதன் இடத்துக்குத் திரும்ப இழுக்க ஓரத்தில் விறைப்பான வளையம் வைப்பார்கள். அந்த வளையம் ஒரே சீராக இழுப்பதில்லை. கூம்பு அதிகம் நகர்ந்தால் தடுமாறும், ஒலி திரியும். காற்றோ நல்ல வில்சுருள். காற்றுப் புகாமல் மூடிய ஒரு சின்னப் பெட்டியில் மிகத் தளர்வான கூம்பை வைத்தால், உள்ளே அடைபட்ட காற்றே அதை இழுத்துக்கொள்ளும். முதல் மாதிரிக்கு மெத்தை உறைத் துணியில் வளையம் செய்தார்கள். அதற்கு வெட்டு வரைந்து கொடுத்தவர் அவருடைய மனைவி ரோஸ்மேரி.

1954இல் வில்ச்சரும் அவருடைய மாணவர் ஹென்றி கிளாஸும் சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் அக்கௌஸ்டிக் ரிசர்ச்சைத் தொடங்கினார்கள். ஏஆர்-1 என்ற பெட்டி புத்தக அலமாரியில் வைக்கும் அளவில் வந்தது. இரும்பு விதியில் வில்ச்சர் விட்டுக்கொடுத்தது மூன்றாவதை: அதற்கு மின்சாரம் அதிகம் வேண்டும். ஆம்ப்ளிஃபயர்கள் மலிவாகிக்கொண்டே போனதால் வரலாறு அவர் பக்கம் நின்றது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அந்த நிறுவனம் ஓர் அறை வைத்திருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பாட்டு கேட்கலாம். அங்கே எதையும் விற்க மாட்டார்கள்.

அவருடைய காப்புரிமையை இன்னொரு நிறுவனம் எதிர்த்து வழக்காடியது. ஹாரி ஆல்சனின் பழைய காப்புரிமையைக் காட்டி அவர்கள் ஜெயித்தார்கள். வில்ச்சர் மேல்முறையீடு செய்யவில்லை. அதன் பிறகு உலகமே மூடிய பெட்டி செய்தது.

இன்னொரு வழியும் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ், பெட்டியில் அளந்து ஒரு துளை போட்டால் கூம்பின் பின்பக்கம் வீணாகும் ஒலியையும் முன்பக்க ஒலியோடு சேர்த்துவிடலாம் என்று காட்டினார். இன்று 'போர்ட்டட்' என்று கடையில் சொல்வது அதைத்தான். ஆனால் துளையின் அளவைச் சரியாகக் கணக்கிடத் தெரியாமல் முப்பது ஆண்டுகள் ஆளாளுக்குக் குத்துமதிப்பாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

கணக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நெவில் தீல் என்ற பொறியாளர் 1961இல் அதை எழுதி, ஆஸ்திரேலிய ரேடியோ பொறியாளர்களின் இதழில் வெளியிட்டார். நம் பாஷையில் சொன்னால் சிற்றிதழ். பத்து ஆண்டுகள் வெளியுலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அந்த வேலையைத் தொடர்ந்தார். 1971இல் தீலின் கட்டுரை அமெரிக்க இதழில் மறுபிரசுரமானது. இன்று உலகில் விற்கும் எந்த ஒலிபெருக்கியின் தரவுத் தாளிலும் 'தீல்-ஸ்மால்' எண்கள் இருக்கும். சிற்றிதழில் எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

*

இதுவரை எல்லாம் இசைக்காக நடந்தது. சினிமா வந்தபோது கேள்வியே மாறிவிட்டது.

'எர்த்குவேக்' படத்தின் சென்சரவுண்ட் முறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த நிலநடுக்கத்தின் உறுமல் படச்சுருளில் பதிவாகவே இல்லை. அன்றைய ஒலித்தடத்தில் அவ்வளவு தாழ்ந்த ஒலியைப் பதிக்க இடமில்லை. அதற்குப் பதிலாகப் படச்சுருளில் ஒரு கட்டுப்பாட்டு சமிக்ஞை மட்டும் இருக்கும். அது வந்ததும் தியேட்டரில் இருக்கும் ஒரு மின்சுற்று தானே தாழ்ந்த இரைச்சலை உற்பத்தி செய்து, செர்வின்-வேகா நிறுவனத்தின் ராட்சதப் பெட்டிகளுக்கு அனுப்பும். ஒரு புரோகிராமராக இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். படத்தில் இருந்தது ஒலி இல்லை, ஒரு கட்டளை: 'இப்போது குலுக்கு.'

இசைப் பெட்டியிடம் 'நடந்ததை அப்படியே சொல்' என்று கேட்டார்கள். சினிமாப் பெட்டியிடம் 'நடக்காததை உடம்பு நம்பும்படி செய்' என்றார்கள். அடுத்தடுத்து அரங்குகள் இருந்த இடங்களில் பக்கத்து அரங்கில் அமைதியான படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து குலுங்கினார்கள். புகார்கள் வந்தன. நான்கு படங்களோடு சென்சரவுண்ட் ஏறக்குறைய முடிந்துபோனது.

ஆனால் ஆசை முடியவில்லை. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' 70 எம்எம் பிரதிகளில் ஆறு காந்தத் தடங்கள் இருந்தன. அவற்றில் அதிகம் பயன்படாத இரண்டை டால்பி பொறியாளர்கள் தாழ்ந்த ஒலிக்கென்றே ஒதுக்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பேபி பூம்'. பேஸுக்கென்று தனித் தடம் என்ற யோசனை அங்கே நிலைத்தது. 1987இல் டாம்லின்சன் ஹோல்மன், வருங்கால டிஜிட்டல் சினிமாவுக்கு எத்தனை தடம் வேண்டும் என்ற விவாதத்தில் '5.1' என்றார். முழுத் தடங்கள் ஐந்து, பேஸுக்கு ஒரு துண்டுத் தடம். அந்தத் துண்டு 120 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். கணக்குப் போட்டால் .1 கூட இல்லை, .005தான் வரும். 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிட்டல் தியேட்டருக்கு வந்தது. மறு ஆண்டு 'ஜுராசிக் பார்க்' டிடிஎஸ்ஸைக் கொண்டுவந்தது. டிவிடி இதை வீட்டுக்குள் கூட்டிவந்தது.

கடைக்காரரின் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. அந்தத் துண்டுத் தடம் மற்றத் தடங்களைவிட 10 டெசிபெல் அதிகச் சத்தத்தில் ஒலிக்க வேண்டும் என்பது தரநிலை. தியேட்டர் அளவுப்படி உச்சத்தில் 115 டெசிபெல். ஆழமோ 20 ஹெர்ட்ஸ், சில சமயம் அதற்கும் கீழே. இசைக்கு இது வேண்டியதில்லை. நாலு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைசிக் கட்டை 27.5. பைப் ஆர்கனின் 32 அடிக் குழாய்தான் 16 வரை இறங்கும். அதைத் தினமும் கேட்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? இளையராஜாவின் பேஸ் கிட்டார் தனிக் குரலாக நடக்கும் பாடல்கள் எல்லாம் பெரும்பாலும் 41க்கு மேலேதான் நடக்கின்றன.

இசைத்தட்டுக் காலத்தில் ஆழமான பேஸைப் பதிக்கவே பயந்தார்கள். ஊசி பள்ளத்தைவிட்டுத் துள்ளிவிடும். 1979இல் டெலார்க் நிறுவனம் சைகோவ்ஸ்கியின் '1812'ஐ நிஜப் பீரங்கிகளோடு டிஜிட்டலில் பதிவுசெய்து இசைத்தட்டாக வெளியிட்டபோது, உறையில் எச்சரிக்கை அச்சிட வேண்டியிருந்தது. பீரங்கி வெடிக்கும் இடத்தில் பள்ளத்தின் வளைவு கண்ணுக்கே தெரியும்.

ஆக, சினிமாவுக்கு அளவும் ஆழமும். இசைக்கு சமநிலை: ஒவ்வொரு சுரமும் அதனதன் அளவில் கேட்க வேண்டும், அடித்ததும் நிற்க வேண்டும். 'துளையுள்ள பெட்டி சினிமாவுக்கு, மூடிய பெட்டி இசைக்கு' என்ற கடைத்தெரு வேதம் இதிலிருந்து வந்தது. பாதி உண்மை. துளையுள்ள பெட்டி அதே அளவில் அதிகச் சத்தம் தரும். ஆனால் அதன் எல்லைக்குக் கீழே ஸ்தாயிக்கு 24 டெசிபெல் என்று செங்குத்தாக விழும். மூடியது 12 டெசிபெல்லில் சரிவாக இறங்கும்.

மீதிப் பாதி உண்மை பெட்டிக்கு வெளியே இருக்கிறது.

*

எங்கள் ஹால் 14 அடி நீளம். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்றால், இரண்டு சுவர்களுக்கிடையே சரியாக அரை அலை அடங்கும் அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தியும் ஏறக்குறைய அதே இடம். எவ்வளவு விலையுயர்ந்த பெட்டி வாங்கினாலும், சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் அந்த ஒரு சுரம் மட்டும் வீங்கிக் கேட்கும். ஹாலின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே சுரம் காணாமல் போகும். 'பேஸ் வேகமா இல்ல, இழுக்குது' என்று பலர் சொல்லும் குறையில் பெரும்பங்கு அறையுடையது. நம் ஊர்ச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவரைப்போலத் தாழ்ந்த ஒலியை உறிஞ்சாது. அப்படியே திருப்பி அடிக்கும்.

இதைக் கண்டுபிடித்துச் சீர்செய்யும் வேலையை ஃப்ளாய்ட் டூலும் அவரோடு ஹார்மன் நிறுவனத்தில் பணியாற்றியவர்களும் பல ஆண்டுகள் செய்தார்கள். அங்கிருந்து டாட் வெல்டி 2002இல் ஓர் ஆய்வறிக்கை கொடுத்தார்: எத்தனை சப்வூஃபர் போதும்? பெரிதாக ஒன்றை வைப்பதைவிட, சரியான இடங்களில் இரண்டோ நான்கோ வைத்தால் ஒரு பெட்டி கிளப்பும் வீக்கத்தை இன்னொன்று தணிக்கும். எல்லா இருக்கைகளிலும் ஏறக்குறைய ஒரே பேஸ் கிடைக்கும். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒன்றொன்று வைப்பது நல்ல ஏற்பாடு.

எல்லா இருக்கையிலும் என்பது எங்கள் வீட்டில் முக்கியம். ஹாலில் அப்பாவின் நாற்காலி சோபாவுக்கு இடப்பக்கம் இருக்கிறது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, காதில் கருவி. வயதானால் முதலில் போவது உயர்ந்த அதிர்வெண்கள். 'ச', 'த', 'ப' எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தாழ்ந்த ஒலி கடைசிவரை கேட்கும். படம் பார்க்கும்போது வெடிச்சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்கிறது. அதற்குப் பிறகு கதாநாயகன் பேசும் வசனம் கேட்பதில்லை. "என்னடா சொன்னான்?" என்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் போய்விடும். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

இதற்கும் பழைய விளக்கம் இருக்கிறது. 1924இலேயே வீகலும் லேனும் அளந்து சொன்னார்கள்: தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளை மறைக்கும். மேலே உள்ளது கீழே உள்ளதை அந்த அளவுக்கு மறைக்காது. அதாவது வீங்கிய பேஸ் வசனத்தின் மேல் போர்வையைப் போர்த்துகிறது. இளம் காது அதைத் தாண்டிக் கேட்டுவிடும். அப்பாவின் காதால் முடியாது.

அப்போதுதான் வில்ச்சரின் மிச்சக் கதையைப் படித்தேன். 1967இல் அவர் தன் நிறுவனத்தை விற்றுவிட்டு ஒலிபெருக்கித் தொழிலைவிட்டே போய்விட்டார். நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில் இருந்துகொண்டு காது கேளாதோர் கருவி பற்றி ஆராய்ந்தார். எல்லா ஒலியையும் ஒரேயடியாகப் பெருக்காமல், அதிர்வெண்களைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மெல்லிய ஒலியை அதிகமாகவும் பலத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கும் முறையை 1973இல் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைய காதுக் கருவிகளின் அடிப்படையில் அந்த யோசனை இருக்கிறது. 2011இல் இறந்தார்.

என் ஹாலில் பேஸைக் கொடுத்தவரும், அப்பாவின் காதில் அந்த பேஸுக்கு மேலே இருக்கும் வார்த்தைகளைக் கொடுத்தவரும் ஒரே ஆள்.

*

ஆகவே நான் வாங்கியது இதுதான். ஒரு பெரிய போர்ட்டட் பெட்டிக்கு ஆகும் காசில், 10 அங்குலக் கூம்புள்ள சின்ன மூடிய பெட்டிகள் இரண்டு. சின்ன அறை தாழ்ந்த ஒலியைத் தானே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும் என்பதால், மூடிய பெட்டியின் மெதுவான சரிவோடு அது பொருந்திப்போகிறது. முன்சுவர் நடுவில் ஒன்று, பின்சுவர் நடுவில் ஒன்று. மற்ற ஸ்பீக்கர்களிடமிருந்து 80 ஹெர்ட்ஸில் பொறுப்பை வாங்கிக்கொள்ளும்படி வைத்தேன். பாட்டுக்கு அந்தத் துண்டுத் தடமே கிடையாது, எனவே அங்கே வேறு எதையும் தொட வேண்டியதில்லை. சினிமாவுக்கு மட்டும் துண்டுத் தடத்தை 5 டெசிபெல் குறைத்துவிட்டேன். பெட்டிக்கு அடியில் ரப்பர் பாதம். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

ஒரே பெட்டிதான் வாங்க முடியும் என்பவர்களுக்கு ஒரு பழைய வித்தை. பெட்டியைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவில் வையுங்கள். பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ, பெட்டியின் இடம் அதுதான். வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பணம் செலவில்லாமல் இதைவிடப் பெரிய மாற்றம் கிடைக்காது.

இந்த ஏற்பாட்டில் டைனோசர் நடந்தால் எங்கள் சோபா குலுங்காது. கூரைக்கு வலை கட்டவும் வேண்டாம். வெறும் நடை என்று தெரியும், கனம் தெரியும், அவ்வளவுதான். சினிமா ரசிக நண்பன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு "என்னடா, பத்தலையே" என்றான். பத்தாதுதான். இரும்பு விதிப்படி நானும் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டுமே.

போன வாரம் ஒரு பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நகைச்சுவை வசனம். எனக்கு முன்னால் அப்பா சிரித்துவிட்டார்.